தந்தை மறுத்த இரு மகளிர்

கி.பி. 1533ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள கிரீனிச் அரண்மனையில், இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றிக்குப் பெண் மகவு ஒன்று பிறந்தது. ஆண் மகவே பிறக்கும் என்று சோதிடர்கள் கூறியிருந்தனர். அந்நம்பிக்கையில், இளவரசர் பிறந்த செய்தியைப் பிரபுக்களுக்கு அறிவிக்கும் மடல்கள் முன்னரே எழுதப்பட்டு ஆயத்தமாக இருந்தன. பிறந்தது பெண் என்று தெரிந்ததும் அவற்றைப் புதிதாக எழுதவில்லை. இளவரசர் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் இறுதியில் ஓர் எழுத்தை நெருக்கி நுழைத்து, இளவரசி என்றாக்கி அனுப்பி வைத்தனர்.

அவ்வாறு இடுக்கில் எழுதப்பட்டவரே பின்னாளில் 44 ஆண்டுகள் இங்கிலாந்தை ஆண்ட எலிசபெத் அரசியார். பிறந்தபோது அவர் அரியணைக்கு உரியவர். மூன்று வயது நிரம்புமுன் முறைகேடாகப் பிறந்தவர் என்று சட்டம் அவரைத் தள்ளிற்று. பத்து வயதில் இன்னொரு சட்டம் வாரிசு வரிசையில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. ஆயினும் பிறப்பின் மீதிட்ட கறையை அது துடைக்கவில்லை. அவருடைய தமக்கை மேரியின் வரலாறும் இதுவே. துன்பம் மட்டும் மிகுதி. பிறப்பு என்பது ஒருமுறை நிகழ்ந்து முடிவது. அதனை ஆண்டுக்கோர் ஏட்டில் ஏற்றியும் இறக்கியும் எழுதும் அதிகாரம் ஓர் அரசருக்கு எங்ஙனம் வாய்த்தது, அதனால் விளைந்தது யாது என்பதையே ஈண்டு நாம் ஆராயப் புகுகிறோம்.

டியூடர் மரபின் அடிவேரிலேயே இச்சிக்கல் இருந்தது. 1485 ஆகஸ்ட் 22இல் போஸ்வொர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்டை வீழ்த்தி முடிசூடியவர் ஏழாம் ஹென்றி. இவருக்கு அரச இரத்தம் வந்தது தாய்வழியில். அவ்வழியின் முன்னோர், ஜான் ஆஃப் காண்ட் என்னும் அரச குமாரருக்கும் காதரின் ஸ்வின்ஃபோர்டு என்னும் மாதுக்கும் திருமணத்திற்கு முன்னரே பிறந்தவர்கள். பெற்றோர் பின்னர் மணந்துகொண்டதால் 1397இல் பாராளுமன்றம் அவர்களை முறையானவர்கள் என்று ஏற்றது. 1407இல் நான்காம் ஹென்றி, அரியணை நீங்கலாக என்று ஒரு தொடரைச் சேர்த்துவிட்டார். இத்தகைய உரிமையோடு வந்தவர், வாளால் வென்றதை மணத்தால் உறுதிப்படுத்த எண்ணி, நான்காம் எட்வர்டு மன்னரின் புதல்வி, யார்க் குலத்து எலிசபெத்தை மணக்க விழைந்தார்.

அங்கும் ஒரு முட்டுக்கட்டை. அப்பெண்ணும் அவருடைய உடன்பிறந்தாரும் முறையான பிறப்பினர் அல்லர் என்று மூன்றாம் ரிச்சர்டு 1484ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தில் சட்டமே இயற்றியிருந்தார். காரணம், எட்வர்டு மன்னர் தம் அரசியை மணக்கும் முன்னரே எலினார் பட்லர் என்னும் வேறொரு மாதுக்கு மணவாக்கு அளித்திருந்தாராம். அக்காலக் கிறித்தவத் திருச்சபைச் சட்டத்தை அறிந்தால்தான் இக்குற்றச்சாட்டின் கூர்மை விளங்கும். ஓர் ஆணும் பெண்ணும் இக்கணமே உன்னை ஏற்றேன் என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டால், அச்சட்டப்படி அதுவே திருமணம். குருவும் தேவையில்லை, சாட்சியும் தேவையில்லை. மறைவாக மணப்பது பாவம் என்று கண்டிப்பார்களேயன்றி மணம் செல்லாது என்னமாட்டார்கள். இரு சாட்சிகளின்றி நிக்காஹ் இல்லை என்று பழகிய நம் வாசகர்கள், ஈஜாபும் கபூலும் மட்டும் இருந்து சாட்சி இல்லாத ஒரு முறையை எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம். இதனால், எவருடைய மணத்தையும் பல்லாண்டு கழித்து, முன்னொரு வாக்கு இருந்தது என்று சொல்லித் தகர்த்துவிட வழி இருந்தது. செத்தவர் வந்து மறுக்கப் போவதில்லை.

ஏழாம் ஹென்றி என்ன செய்தார்? ரிச்சர்டின் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் வாசிக்காமலேயே நீக்கச் செய்தார். அதன் படிகளை வைத்திருப்போர் அனைவரும் அழிப்பதற்காக ஒப்படைக்க வேண்டும், தவறினால் சிறை என்றும் ஆணையிட்டார். 1486 ஜனவரி 18இல் திருமணம் நடந்தது. ஒரு சட்டத்தை நீக்கலாம். அதில் உள்ளது செவியில் விழவும் கூடாது என்று அஞ்சியதுதான் கவனிக்கத்தக்கது. அப்படியிருந்தும் ஒரு படி தப்பிப் பிழைத்துப் பின்னூற்றாண்டில் வெளிவந்தது.

இம்மணத்தில் பிறந்த மூத்த மகன் ஆர்தருக்கு, ஸ்பெயின் நாட்டு மன்னர் பெர்டினாண்டு, அரசி இஸபெல்லா ஆகியோரின் கடைசி மகள் காதரினை நிச்சயித்தனர். இப்பெண்ணைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஒரு சொல் கூற வேண்டும். 1492 ஜனவரியில் கர்னாத்தாவின் கடைசிச் சுல்தானிடமிருந்து அந்நகரை வாங்கிய அந்த இருவரின் மகளே இவர். அப்போது ஆறு வயதுச் சிறுமி. வளர்ந்தது அல்ஹம்ரா மாளிகையில். 1501 மே மாதம் அங்கிருந்துதான் இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். கர்னாத்தாவைக் குறிக்கும் மாதுளங்கனியையே தம் சின்னமாகக் கொண்டிருந்தார். இலண்டன் மாநகரின் பெருங்கோயிலில் 1501 நவம்பர் 14இல் ஆர்தரை மணந்தார். ஐந்தே மாதத்தில், பதினைந்து வயதுக் கணவர் இறந்துபோனார்.

சீர்ப்பணம் இரண்டு இலட்சம் கிரவுன். பாதி வந்து சேர்ந்திருந்தது. பெண்ணையும் பணத்தையும் திருப்பி அனுப்ப மனமின்றி, இளைய மகன் ஹென்றிக்கே அவரை மணமுடிக்கப் பேசினர். சகோதரன் மனைவியை மணப்பது திருச்சபையில் விலக்கப்பட்டது. ஆதலால் போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸிடம் விதிவிலக்கு அனுமதி பெறப்பட்டது. எட்டாம் ஹென்றி அரசரானதும் 1509 ஜூன் 11இல் காதரினை மணந்தார். 1511 புத்தாண்டு நாளில் ஆண் குழந்தை பிறந்து, 52 நாள் வாழ்ந்து மடிந்தது. கருச்சிதைவுகளும் இறந்து பிறந்த மகவுகளும் தொடர்ந்தன. 1516 பிப்ரவரி 18இல் பிறந்த மேரி ஒருத்தியே தங்கினாள்.

மன்னருக்கு ஆண் வாரிசு வேண்டும். ஆன் போலின் என்னும் அரண்மனைப் பெண்ணின் மீது நாட்டமும் உண்டாயிற்று. பழைய ஏற்பாட்டின் லேவியர் ஆகமத்தில், சகோதரன் மனைவியை எடுத்தவன் மகப்பேறின்றிப் போவான் என்று கண்டிருப்பதை அவர் பிடித்துக்கொண்டார். அதே ஏற்பாட்டின் உபாகமத்தில், மகனின்றி இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணந்து குலம் தழைக்கச் செய்யவேண்டும் என்றும் உள்ளது. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவும் வாதிட்டன. மகப்பேறின்மை என்பதற்கு ஆண் மகப்பேறின்மை என்று மன்னர் பொருள் கொண்டார். மகள் கண்முன் நிற்கிறாளே!

மணவிலக்குச் செய்துவிட்டு வேறு மணம் செய்திருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அத்திருச்சபையில் தலாக் இல்லை. மணம் முறிவது மரணத்தில்தான். ஆதலால் இருந்த மணத்தை முறிக்க இயலாது. அது தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை என்றுதான் தீர்ப்புப் பெற வேண்டும். வேறுபாடு சொல்லில் சிறியது, விளைவில் பெரியது. நம் ஃபிக்ஹு நூல்களில் தம்பதியர் பிரிவதால் பிள்ளையின் நஸப் அறுபடுவதில்லை. மணத்தில் குறை இருந்ததெனப் பின்னர்த் தெரிந்தாலும் பிள்ளையைத் தந்தையிடமிருந்து பிரிக்கச் சட்ட அறிஞர்கள் அவசரப்படுவதில்லை. திருச்சபைச் சட்டத்திலும் இத்தகைய இரக்கம் இருந்தது என்பதை மறைக்கலாகாது. பெற்றோர் நல்லெண்ணத்தோடு மணந்திருந்தால், மணம் பின்னர்ச் செல்லாது என்றானாலும் பிள்ளைகள் முறையானவர்களே என்பது அதன் விதி. மேரிக்கு இது பொருந்தும் என்று வாதிட்டோர் அக்காலத்திலேயே இருந்தனர். ஆனால் மேரி முறையானவர் என்றால் ஆன் போலினின் பிள்ளைகளுக்குப் போட்டியாக நிற்பார். இரக்கத்திற்கான விதி ஏட்டிலேயே கிடந்தது.

1529 ஜூன் 21இல் இலண்டன் பிளாக்ஃபிரையர்ஸ் மன்றத்தில், இரு கர்தினால்கள் முன்னிலையில், காதரின் அம்மையார் எழுந்து சென்று மன்னரின் காலடியில் மண்டியிட்டார். இருபது ஆண்டுகள் உண்மையான மனைவியாக வாழ்ந்ததையும், தாம் அவரிடம் கன்னியாகவே வந்ததையும் அனைவரும் கேட்கச் சொன்னார். அது பொய்யா மெய்யா என்பதை அவருடைய மனச்சாட்சிக்கே விடுவதாகவும் சொன்னார். பின்னர் எழுந்து வெளியேறினார். திரும்ப அழைத்தும் வரவில்லை. மன்னரும் மறுமொழி கூறவில்லை. அப்போதைய போப்பாண்டவர் ஏழாம் கிளெமெண்ட், காதரினின் சகோதரி மகனான ஐந்தாம் சார்லஸ் பேரரசரின் படைகள் 1527இல் ரோமைச் சூறையாடியதைக் கண்டவர். தீர்ப்பைத் தள்ளிக்கொண்டே போனார்.

இதனிடையே ஒரு வேடிக்கையையும் குறிப்பிட வேண்டும். ஆன் போலினின் சகோதரியோடு மன்னருக்கு முன்னர் உறவு இருந்தது. திருச்சபைச் சட்டப்படி அதுவும் காதரின் மணத்திற்குச் சொல்லப்பட்ட அதே வகைத் தடையை உண்டாக்கும். எனவே, முதல் மணத்தைப் போப்பாண்டவரின் விதிவிலக்குச் செல்லாது என்று சொல்லி உடைத்துக்கொண்டே, இரண்டாம் மணத்திற்கு அதே போப்பாண்டவர் பீடத்திடம் விதிவிலக்குக் கேட்டு ஆள் அனுப்பினார்!

இறுதியில் ரோமுக்கு மேல்முறையீடு செய்வதையே 1533இல் பாராளுமன்றம் தடுத்தது. மன்னர் ஏற்கெனவே ஆன் போலினை இரகசியமாக மணந்திருந்தார், அவர் கருவுற்றுமிருந்தார். காண்டர்பரிப் பேராயர் கிரான்மர் மே 23இல் காதரினின் மணம் செல்லாது என்றும், 28இல் ஆனின் மணம் செல்லும் என்றும் தீர்ப்பளித்தார். ஜூன் முதல் நாள் முடிசூட்டு. பின்னர் செப்டம்பரில் நாம் முதலில் கூறிய மடல்கள்.

பதினேழு வயது மேரியிடமிருந்து இளவரசிப் பட்டம் பறிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஹாட்ஃபீல்டு மாளிகைக்கு, மூன்று மாதக் குழந்தையான எலிசபெத்தின் பரிவாரத்தில் ஒருத்தியாக அனுப்பப்பட்டார். குழந்தையைத் தங்கை என்று அழைப்பேன், இளவரசி என்று அழைக்கமாட்டேன் என்பது அவர் நிலை. 1531க்குப் பின் தாயும் மகளும் சந்திக்க மன்னர் விடவில்லை. 1536 ஜனவரி 7இல் கிம்போல்டன் மாளிகையில் காதரின் இறந்தபோதும் மேரி அருகில் இல்லை. பீட்டர்பரோ தேவாலயத்தில், இங்கிலாந்தின் அரசியாக அன்றி ஆர்தரின் விதவையாகவே அவரை அடக்கம் செய்தனர்.

1534ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் ஆன் போலினின் பிள்ளைகளுக்கே அரியணை என்றது. குடிமக்கள் அதனை ஏற்று ஆணையிட வேண்டும் என்றது. பெரும் அறிஞரும் முன்னாள் சான்சலருமான தாமஸ் மோர் மறுத்தார். அவர் மறுத்த விதம் நுணுகி நோக்கத்தக்கது. இன்னார்க்கு அரியணை என்று பாராளுமன்றம் விதிப்பதை ஏற்று ஆணையிடத் தமக்குத் தடையில்லை என்றார். ஆனால் அச்சட்டத்தோடு சேர்த்து வகுத்திருந்த ஆணையின் வாசகத்தை ஏற்க மனச்சாட்சி இடந்தராது என்றார். ஆட்சி யாருக்கு என்பது மனிதர் கூடி முடிவு செய்யத்தக்கது. ஒரு திருமணம் நடந்ததா இல்லையா என்பது கைதூக்கி முடிவு செய்யத்தக்கதன்று. மோரின் நிலையை நாம் இவ்வாறே விளங்கிக்கொள்கிறோம். இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்த தலை 1535 ஜூலை 6இல் வெட்டுண்டது. இதே மறுப்பிற்காக முதிய பிஷப் ஜான் ஃபிஷர் இரு வாரம் முந்தியே மடிந்தார்.

காதரினின் அடக்கம் நடந்த அதே நாளில் ஆன் போலினுக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. மே மாதம் சோரக் குற்றமும் இராஜத் துரோகமும் சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். மே 17இல் கிரான்மர் இம்மணமும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். 19இல் தலை வெட்டப்பட்டது. மணமே இல்லையென்றால் மணத்துரோகம் எங்கிருந்து வந்தது? அவைக்களத்தில் எவரும் இதனைக் கேட்டதாகத் தெரியவில்லை. மே 30இல் மன்னர் ஜேன் சீமோரை மணந்தார். அவ்வாண்டின் இரண்டாவது வாரிசுரிமைச் சட்டம் மேரி, எலிசபெத் இருவரையும் முறைகேடான பிறப்பினர் என்று வெளிப்படையாகவே அறிவித்தது. ஜேனுக்கு மகவு இல்லையேல் வாரிசைத் தாமே நியமிக்கும் அதிகாரத்தையும் மன்னருக்கு அளித்தது.

ஏட்டில் எழுதியது அடுப்படி வரை எட்டிவிடும். எலிசபெத்தை வளர்த்த பிரையன் சீமாட்டி அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு எழுதிய மடல் இன்றும் உள்ளது. குழந்தையின் தகுதி இப்போது என்னவென்று தமக்குத் தெரியவில்லை என்கிறார். அதற்கு உடுத்த உடையில்லை, இரவு ஆடையில்லை, அனுப்பி வையுங்கள் என்று மன்றாடுகிறார். மேரியோ, தாயின் மணம் முறையற்றது என்றும் தாம் முறையான மகள் அல்லர் என்றும் ஒப்புக்கொள்ளுமாறு நெருக்கப்பட்டார். மறுத்தால் உயிருக்கே ஆபத்து என்று நலம் விரும்பியோர் எச்சரித்தனர். 1536 ஜூனில் கையொப்பமிட்டார். தாளைப் படிக்காமலேயே இட்டார் என்பர். பாட்டனார் ஒரு சட்டத்தைப் படிக்காமல் நீக்கினார். பேத்தி தன் பிறப்பைப் படிக்காமல் மறுத்தாள்.

1537 அக்டோபர் 12இல் எட்வர்டு பிறந்தார். பன்னிரண்டாம் நாள் ஜேன் மறைந்தார். முந்திய இரு மனைவியரும் இறந்தபின் நடந்த மணமாதலால் இப்பிள்ளையின் பிறப்பில் எவரும் குறை காண இயலவில்லை. பின்னர் வந்த மூவரைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. அவர்களுள் கிளீவ்ஸ் நாட்டு ஆனை 1540இல் ஆறே மாதத்தில் விலக்கியபோது, முன்னொரு மணப்பேச்சு என்னும் பழைய ஆயுதத்தையும் மீண்டும் எடுத்தனர் என்பது மட்டும் நம் பொருளுக்கு உரியது.

1544இல் நிறைவேறிய மூன்றாவது வாரிசுரிமைச் சட்டம்தான் விந்தையிலும் விந்தை. எட்வர்டுக்குப்பின் மேரி, அவருக்குப்பின் எலிசபெத் என்று அது வரிசைப்படுத்தியது. ஆனால் அவ்விருவரின் பிறப்பு முறையானது என்று ஒரு சொல்லும் இல்லை. அரியணைக்கு உரியவர், ஆயினும் முறையான மகள் அல்லர்! மன்னர் தம் மரண சாசனத்திலும் இதையே உறுதி செய்தார். ஸ்காட்லாந்தில் மணந்த தம் தமக்கை மார்கரெட்டின் வழியை விட்டுவிட்டு, தங்கை மேரியின் வழியை அடுத்து வைத்தார். 1547 ஜனவரி 28இல் இறந்தார்.

திறந்து வைத்த கதவு வழியாக எவரும் நுழையலாமன்றோ? எட்வர்டு பதினைந்து வயதில் நோயுற்றபோது, தமக்கையர் இருவரும் முறையற்ற பிறப்பினர் என்பதைக் காட்டி அவர்களை விலக்கி, தம் கைப்பட ஒரு வாரிசுத் திட்டம் எழுதினார். அத்தை மகளின் மகளான ஜேன் கிரேயின் ஆண் வாரிசுகளுக்கு அரியணை என்று முதலில் எழுதினார். ஆண் பிள்ளை பிறக்கும்வரை தம் உயிர் தங்காது என்று புலப்பட்டதும், ஓரிரு சொற்களைச் செருகி, ஜேனுக்கும் அவருடைய ஆண் வாரிசுகளுக்கும் என்று திருத்தினார். அந்தச் செருகலின் பேரில், 1553 ஜூலை 10இல் ஜேன் கிரே அரசியாக அறிவிக்கப்பட்டார். ஆனால் மக்கள் மேரியின் பக்கம் திரண்டனர். ஜூலை 19இல் இலண்டனே மேரியை அரசி என்று முழங்கியது. சட்டம் முறையற்றவர் என்று எழுதி வைத்திருந்தும், பழைய மன்னரின் மகள் இவர் என்பதை மக்கள் மறக்கவில்லை. ஆசைப்படாத முடியைச் சில நாள் சுமந்த ஜேன் கிரே, 1554 பிப்ரவரி 12இல் கொலைக்களம் சென்றார்.

மேரி அரசியானதும் கூட்டிய முதற் பாராளுமன்றத்திலேயே தம் பெற்றோரின் திருமணம் செல்லும் என்று சட்டம் செய்துகொண்டார். ஸ்பெயினின் பிலிப்பை மணந்தும் அவருக்கு மகவில்லை. பிற சமயக் கொள்கையினரை நெருப்பிலிட்ட அவருடைய ஆட்சியை நாம் போற்ற இயலாது; எனினும் தாயின் பெயரைத் துலக்கிய மகளின் செயலைக் குறை சொல்லவும் இயலாது.

1558 நவம்பர் 17இல் அரசியான எலிசபெத் வேறு வழி சென்றார். 1559இல் பாராளுமன்றம் அவருடைய உரிமையை ஏற்றது. தந்தை காலத்து மூன்றாவது சட்டத்தை ஆதாரமாகக் காட்டியது. ஆன் போலினின் மணத்தைப் பற்றியோ கிரான்மரின் தீர்ப்பைப் பற்றியோ அவர் கிளறவில்லை. அதனை எடுத்தால் பழைய வழக்குகள் யாவும் எழும். முடி தலையில் ஏறியதும் முன்னைக் குறைகள் நீங்கும் என்பது, பாட்டனார் காலத்திலேயே நீதிபதிகள் ஒப்பிய கோட்பாடு. அதன் நிழலில் மௌனமாக இருந்துவிட்டார்.

ஆனால் அடுத்து அவர் செய்தது மனத்தை உறுத்துகிறது. ஹென்றியின் சாசனப்படி அவருக்கு அடுத்த வாரிசு, ஜேன் கிரேயின் தங்கை காதரின் கிரே. இவர் 1560இன் இறுதியில் ஹெர்ட்ஃபோர்டு பிரபுவை இரகசியமாக மணந்தார். ஒரே சாட்சி மணமகனின் சகோதரி; சில மாதங்களில் அவர் இறந்துபோனார். மணத்தை நடத்திய குருவின் பெயரைக்கூட எவரும் கேட்டு வைக்கவில்லை. இலண்டன் கோட்டைச் சிறையில் 1561 செப்டம்பரில் ஆண் குழந்தை பிறந்தது. எலிசபெத் அமைத்த விசாரணைக் குழு 1562இல், மணத்திற்குச் சான்றில்லை, குழந்தை முறையற்ற பிறப்பு என்று முடித்தது. சிறைக்காவலரின் தயவால் சந்தித்த தம்பதியருக்கு மறு ஆண்டு இன்னொரு மகன் பிறக்கவே, பிரபுவுக்கு 15,000 பவுன் அபராதம் விதித்தனர். காதரின் கிரே காவலிலேயே 1568இல் மாய்ந்தார். உடையின்றி நின்ற அந்த மூன்று வயதுக் குழந்தை, தன் நெற்றியில் எழுதப்பட்டதை இன்னொரு குழந்தையின் நெற்றியில் எழுதிற்று.

எலிசபெத் மணம் செய்துகொள்ளவே இல்லை. வாரிசைப் பெயர் சொல்லவும் மறுத்தார். 1571ஆம் ஆண்டுச் சட்டம், வாரிசுரிமையைப் பாராளுமன்றம் தீர்மானிக்க இயலாது என்போரைத் துரோகிகள் என்றது. தாமஸ் மோர் மறுக்காத பகுதி அவ்வளவு உறுதியாக வேரூன்றிவிட்டது. ஆயினும் 1603 மார்ச் 24இல் அவர் மறைந்ததும் அரியணையேறியவர், ஹென்றியின் சாசனம் விட்டுவிட்ட ஸ்காட்லாந்து வழியில் வந்த ஜேம்ஸ். எதிர்ப்பேதும் எழவில்லை. சாசனத்தை எடுத்துப் படிக்க எவருக்கும் அப்போது நினைவு வரவில்லை போலும்.

மேரி அரசியார் தம் மரண சாசனத்தில் ஒரு வேண்டுகோள் எழுதியிருந்தார். பீட்டர்பரோவில் கிடக்கும் தம் தாயின் உடலை எடுத்து வந்து, தம் கல்லறைக்கு அருகே வைக்க வேண்டும் என்பது அது. எலிசபெத் அதனை நிறைவேற்றவில்லை. 1606இல் ஜேம்ஸ் மன்னர், வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் எலிசபெத்தின் பேழையை மேரியின் பேழைமீது வைத்து, இருவருக்கும் ஒரே கல்லறையாகக் கட்டினார். படுத்த நிலையில் உருவச் சிலை எலிசபெத்துக்கு மட்டுமே உண்டு. காதரின் அம்மையார் இன்றும் பீட்டர்பரோவில். ஆன் போலின் இலண்டன் கோட்டைக்குள் உள்ள சிறு தேவாலயத்தில்.